கடைசித் தையல்

— அப்புறம் என்ன ஆவும்னு கேளு. ஈட்டி பாஞ்ச ஒடனே திமிங்கலம் சாவாதுடா தனேஸ். ஓட ஆரம்பிக்கும். படகு, படகுல உள்ள ஆளுங்க, எல்லாத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு ஓடும். கயிறு உருவுற வேகத்துல கட்டையில பொகை கெளம்பும். ஒருத்தன் தண்ணி மோந்து ஊத்திக்கிட்டே இருக்கணும். எம் புக்குலயே போட்டிருக்கான். உங்க கப்பல்ல யாரு ஊத்துனா?

— எங்க கப்பல்ல திமிங்கலம் இல்ல அங்கிள். நாங்க புடிச்சது சூரை மீனு.

— மீனு எதுவா இருந்தா என்னலா, கயிறு கயிறுதானே?

— இந்தா மனுசா, வாசல்ல நிக்க வச்சே கப்பல ஓட்டி முடிச்சிருவீங்க போலயே. சாரல் அடிக்குது பாருங்க. தனேஸு, செருப்பு கெடக்கட்டும். உள்ள வா.

— பரவால்ல ஆண்ட்டி. இங்கயே நிக்கிறேன்.

— வாடா உள்ள! சரோஜா, டீ போடு. பால் கட்டியா ஊத்து. நம்ம ஷர்வின் கூட ஒரே கப்பல்ல ஏறுன ஆளு இவன். ரெண்டு வருசங்கழிச்சு நம்ம லைன் வீட்டு வாசப்படிய மிதிச்சிருக்கான். இந்த லைன்ல இருக்குறவனுங்க எல்லாம் வந்து பாக்கணும். கருப்பையா மவன் கப்பல்ல இல்ல, ஜெயில்ல இருக்கான்னு சொன்னானுங்கல்ல? வரச்சொல்லு!

— டீ இருக்கட்டும். தனேஸு, எம் மொகத்தப் பாத்துச் சொல்லு. எம்மவன் எங்க?

— அங்கதான் ஆண்ட்டி.

— அங்கன்னா?

— கப்பல் நிக்கிற எடத்துலதான் இருக்கான் ஆண்ட்டி.

— பாத்தியா! நான் என்ன சொன்னேன்? கப்பல்லதான் இருக்கான். வேலை முடியாம எப்படிடி வருவான்? கடல் வேலைங்கறது காலையில போயி சாயங்காலம் கொழுந்து நிறுத்துட்டு வர்ற வேலையா?

— நீங்க சும்மா இருங்க. எப்ப வந்த நீ?

— நேத்துதான் ஆண்ட்டி.

— நேத்தா? போன சனிக்கெழம நம்ம லைன் பாஞ்சாலை உன்ன கியா பார்ம் சந்தையில பாத்தேன்னு சொன்னாளே. ஸ்ட்ராபெரி கடை பக்கத்துல, கொட்டகையில தனியா ஒக்காந்திருந்தியாம். கூப்பிட்டாளாம், திரும்பிப் பாக்கலயாம்.

— அது... வேற யாராச்சும் இருக்கும் ஆண்ட்டி.

— இருக்கும். எலும்புந் தோலுமா இருக்குற. யாருன்னே தெரியல. நானே வாசல்ல ஒரு நிமிசம் தெகச்சுட்டேன்.

— அங்க எல்லாருக்கும் ஒரே மொகந்தான் ஆண்ட்டி. தாடியும் எலும்பும். பர்மாக்காரன் யாரு, இந்தோனேசியாக்காரன் யாரு, நம்மாளு யாருன்னு எங்களுக்கே கொழம்பும்.

— அதாவது, கடல் காத்து அப்படித்தான். உப்பு ஒடம்ப வத்த வச்சிரும். சரோஜா, இவனுக்கு சோறு போடு. தனேஸு, உனக்குக் குடுத்து வச்சிருக்கு பாரு, ஒரு வாரமா இவ ரெண்டு பேருக்கு நாலு பேரு சோறு ஆக்குறா. நேத்து கோழி, முந்தாநேத்து எறா. என்னடி விசேசம்னு கேட்டா, ஒண்ணுமில்லங்குறா. மிஞ்சுறதெல்லாம் பக்கத்து வீட்டு நாய்க்குத்தான் யோகம்.

— சாப்புட்டுப் போடா. நெத்திலி வறுத்திருக்கேன், வத்தக் கொழம்பு இருக்கு.

— சோறு வேணாம் ஆண்ட்டி.

— நெத்திலி வேணாம்னா எடுத்துர்றேன். வெறும் கொழம்பு ஊத்திக்க.

— மீனு இல்ல ஆண்ட்டி. சோறுதான். வெள்ளச் சோத்தப் பாத்தாலே வயிறு பொரட்டுது. கீரை ஏதாச்சும் இருந்தா குடுங்க. வெறும் கீரை.

— இந்தக் கதையக் கேளுங்க. கேமரன் மலையில பொறந்தவன் கீரையப் பிச்சையாட்டம் கேக்குறான். அங்க திரிங்காப்புல லோரி கெடைக்காத அன்னைக்கு சாவிக் கீரையும் கோஸும் பள்ளத்துல கொட்டிக் கெடக்கு. மாடு கூட மோந்துட்டுப் போவுது.

— தெரியும் ஆண்ட்டி. கம்போங் ராஜாவுல அந்த லோரியில மூட்டை ஏத்துனவன்தானே நானு. கப்பல்ல படுத்துக்கிட்டு ஷர்வினும் நானும் அதத்தான் பேசுவோம். அந்தப் பள்ளத்துல இருந்து ஒரு கூடை அள்ளியாந்தா போதும்டாம்பான்.

— ஏன், கப்பல்ல மாக்கான் என்னடா, திங்க என்ன குடுத்தான்? என் புக்குல வர்ற கப்பல்ல உப்புக்கண்டம் குடுப்பான். கல்லு மாதிரி ரொட்டி. ரொட்டிய மேசையில தட்டுனா புழு விழும், தட்டிட்டுத் திம்பான்.

— எங்களுக்கு அரிசி, அங்கிள். மொத வருசம் மீனும் அரிசியும். அப்புறம் அரிசி. புழு தட்டாமயே வரும்.

— மீனு புடிக்கிற கப்பல்ல மீனு இல்லயா?

— கப்பல் நின்னு போச்சு அங்கிள்.

— எங்க நின்னுச்சு?

— ஆப்பிரிக்கா பக்கம். ஊரு பேரு வாயில நொழையாது. கப்பல் மொதலாளி, அந்தத் தவுக்கே, திவாலாயிட்டான்னு சொன்னானுங்க. எண்ணெய் இல்ல. ஐஸ் ரூம் செத்துப்போச்சு, உள்ள இருந்த மீனெல்லாம் அழுகி, அந்த நாத்தத்தோடயே கெடந்தோம். கேப்டன் ஒரு நாள் போட்ல எறங்கி, எண்ணெய் வாங்கியாறேன்னு போனான். எங்க பாஸ்போட்டு எல்லாம் அவன் பையில. வரவே இல்ல.

— அது எப்படிலா? கேப்டன் கடைசியாத்தான் கப்பல விட்டு எறங்கணும். அது சட்டம்.

— இவரு சட்டம் பேசுறாரு. ரெண்டு வருசமா இதேதான் தனேஸு. நீங்க போன மூணாம் மாசத்தோட போன் நின்னு போச்சு. போலீஸ்ல சொல்லுவோம், யாரயாச்சும் போயிப் பாப்போம்னு அழுவுறேன். இவரு அந்த மக்குன புக்க எடுத்துப் பிரிச்சு, இங்க பாரு, ஒருத்தன் நாலு வருசம் கடல்லயே இருந்திருக்கான், கடுதாசி கெடையாது, தகவல் கெடையாது, பொண்டாட்டி தாலியக் கழட்டி வச்சதுக்கப்புறம் வாசல்ல வந்து நின்னிருக்கான்னு எனக்குப் படிச்சுக் காட்டுறாரு.

— பொய்யாடி? அச்சுல இருக்கு. பழைய தொரை பங்களாவ ஹோம்ஸ்டே ஆக்குனப்ப பெட்டி பெட்டியா தூக்கிப் போட்டான் தனேஸ். எஸ்டேட் ஆபீஸ் கிராணி கூட சிரிச்சான், என்னா கருப்பையா, அடுப்பெரிக்கவான்னான். அத்தனையும் கடல் புக்கு. அந்தத் தொரைக்குக் கடல் பைத்தியம் போல. நான் பள்ளிக்கூடத்துல பாரம் மூணு வரைக்கும் படிச்சவன், டிக்சனரி வச்சுக்கிட்டு ஒரு பக்கத்த நாள் முழுக்கப் படிப்பேன். ஷர்வின் சின்னதுல அதக் கேட்டாத்தான் தூங்குவான்.

— கேட்டுக் கேட்டுத்தான் போயிச் சேந்தான்.

— புக்கு கேட்டுப் போனானா? மெசின் வந்துச்சு, போனான். அதச் சொல்லு. கொழுந்து வெட்டுற மெசின அந்தப் பக்கம் ஒரு ஆளு, இந்தப் பக்கம் ஒரு ஆளு புடிக்கணும். எஞ்சின் பக்கம் பாரம் ஜாஸ்தி. அப்பாவுக்கு வயசாச்சுன்னு எஞ்சின் பக்கத்த அவன்தான் புடிச்சான். ஒரு நாளு செடிக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டுச் சொல்றான், அப்பா, ரெண்டு பேரும் ஒரே செடியப் பாத்துக்கிட்டே கெழவனாயிருவோம்பா, நான் தண்ணியப் பாத்துட்டு வர்றேன்னு. போடான்னேன். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. இருக்கக் கூடாதா?

— பெருமைதான். கடலப் பத்தி வாய் கிழியப் பேசுறவரு, தம்பி அஸ்திய லுமுட்டு கடல்ல கரைக்கப் போனப்ப கணுக்கால் தண்ணிக்கே என் கையப் புடிச்சாரு. சட்டிய நான்தான் உள்ள போயிக் கவுத்தேன்.

— அலை அடிச்சுச்சுடி.

— அடிச்சிச்சு, அடிச்சிச்சு. வாத்து நீந்துற மாதிரி அலை.

— நீ பேசு. தனேஸ், இன்னைக்கும் வானம் வெளுத்திருந்தா பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போவேன். அந்த டவர்ல ஏறி நின்னா, தூரத்துல ஒரு கோடு தெரியும். கடல். வந்து போறவன் எல்லாம் மேகம்பான். எனக்குத் தெரியும் அது கடல்னு. அங்கதானே எம்மவன் இருக்கான்னு பாத்துட்டு எறங்குவேன்.

— ஷர்வின் சொல்லியிருக்கான் அங்கிள். அப்பா இந்நேரம் டவர்ல நிப்பாருடாம்பான்.

— சொன்னானா? கேட்டியாடி? வேற என்ன சொன்னான்?

— நெறய சொல்லுவான். சாயங்காலமானா எல்லாரும் அவன்கிட்டத்தான் வருவானுங்க. உங்க புக்குக் கதையெல்லாம் அரைகுறை பாசார் மலாய்ல சொல்லுவான். பர்மாக்காரனுக்குப் பாதி புரியாது, ஒக்காந்து கேப்பான். திமிங்கலத்து எண்ணெய்ல வெளக்கெரிச்ச கதை, ஐஸுல மாட்டிக்கிட்ட கப்பல் கதை. பசிக்காது, கதை ஓடுற வரைக்கும்.

— இது போதும்டா எனக்கு. இது போதும். ஏண்டி அப்படிப் பாக்குற?

— கதை சரி. ஒடம்பு எப்படி இருந்துச்சு?

— டீ போடுறேன்னீங்களே ஆண்ட்டி.

— ஒன்னத்தான் கேக்குறேன் தனேஸு.

— எல்லாருக்கும் கால் வீங்க ஆரம்பிச்சுச்சு ஆண்ட்டி. வெரல வச்சு அமுக்குனா குழி விழும். வெரல எடுத்தாலும் குழி அப்படியே நிக்கும். எங்களுக்கு அது மொதல்ல வெளையாட்டாத்தான் இருந்துச்சு. யாரு கால்ல பெரிய குழின்னு.

— அது ஸ்கர்விடா! என் புக்குல பக்கம் பக்கமா இருக்கு. ஈறுல ரத்தம் வந்துச்சா? பல்லு ஆடுச்சா? எலுமிச்சம்பழம் குடுத்தா நின்னுரும்.

— பல்லு ஆடல அங்கிள். காலுதான். அப்புறம் தொடை. அப்புறம் மூச்சு விட முடியாது. அது ஸ்கர்வி இல்ல. வெறும் அரிசி தின்னா வர்றதாம். இங்க வந்தப்புறம் டாக்டர் சொன்னாரு. ஒரு மாத்திரை, அங்கிள். கடையில டப்பா டப்பாவா விக்கிற வைட்டமின் மாத்திரை.

— ஷர்வினுக்கு வீங்குச்சா?

— எல்லாருக்கும் வீங்குச்சு ஆண்ட்டி.

— நான் எல்லாரயும் கேக்கல.

— ...அவனுக்கும்.

— அய்யோ.

— இருடி, இருடி. தாங்கிக்கிருவான். எளம் ஒடம்பு. எஞ்சின் பக்கம் புடிச்ச ஒடம்பு. யாராச்சும் செத்தானுங்களா தனேஸ்?

— ஒரு பையன் செத்தான் அங்கிள்.

— எந்த ஊருப் பையன்?

— பர்மாக்காரன்.

— பேரு?

— பேரு... மறந்துட்டேன் ஆண்ட்டி.

— ரெண்டு வருசம் ஒண்ணாப் படுத்து எந்திரிச்சவன் பேரு மறந்துருச்சா?

— அத விடுடி. துறைமுகத்துல குடுத்தீங்களா, கடல்லயே விட்டீங்களா?

— கடல்லதான் அங்கிள். சொன்னா போலீஸ் வரும், விசாரணைன்னு எல்லாரயும் புடிச்சு வச்சுக்கிருவான், யாரும் வீட்டுக்குப் போவ முடியாதுன்னு எஞ்சின்காரன் சொன்னான். யாருகிட்டயும் சொல்லல. விடிஞ்சும் விடியாம எறக்குனோம்.

— எதுல சுத்துனீங்க?

— கித்தான் துணி இருந்துச்சு. கால் பக்கம் பழைய சங்கிலித் துண்டு வச்சோம்.

— சரியான முறை. தைக்கறதுக்குன்னு ஒரு முறை இருக்கு தனேஸ், அது தெரியுமா உங்களுக்கு? காலு பக்கம் இருந்து ஆரம்பிக்கணும். மேல வரணும். கடைசித் தையல் இருக்கு பாரு, அது மூக்கு வழியாப் போவணும். ஊசி மூக்குல ஏறணும். ஏன்னா உள்ள கொஞ்சம் உசிரு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் துள்ளிருவான். தப்பா எவனையும் கடல்ல போட்டுரக் கூடாதுல்ல, அதுக்கு.

— தெரியும் அங்கிள்.

— எப்படித் தெரியும்?

— ஷர்வின் சொல்லியிருந்தான். கதையில. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், நான் செத்தா மறக்காம மூக்கத் தைங்கடா, நான் நல்லாத் தூங்குறவன்னு. அதான்... அப்படியே தச்சோம்.

— யாரு தச்சா?

— நான்தான்.

— எந்த ஊசி?

— வலை கட்டுற ஊசி ஆண்ட்டி. தடிப்பா இருக்கும்.

— துள்ளலயே?

— துள்ளல அங்கிள்.

— நல்லா செஞ்சிருக்கீங்கடா. மொறையா செஞ்சிருக்கீங்க. பெத்தவங்க பக்கத்துல இல்லாட்டியும் அந்தப் பையனுக்கு ஒரு கொறையும் இல்ல. அவங்கப்பன் இதக் கேட்டா மனசு ஆறுவான்.

— வாய்க்கரிசி போட்டியா?

— ...போட்டேன் ஆண்ட்டி. அரிசி மட்டுந்தானே இருந்துச்சு.

— பர்மாக்காரனுக்கா போட்ட?

— கப்பல்ல சாதி, மதமெல்லாம் பாக்க மாட்டானுங்கடி. எவன் செத்தாலும் கூட இருக்குறவன் அவனுக்குத் தெரிஞ்சதச் செய்வான். புக்குல கூட ஒருத்தன்...

— உங்க புக்க மூடுங்க. நான் இவன்கிட்டப் பேசுறேன். தனேஸு, கப்பல் அங்கயே நிக்குதுங்குற. அப்ப நீ எப்படி வந்த?

— படகு வந்துச்சு ஆண்ட்டி.

— என்ன படகு?

— துறைமுகத்துப் போலீஸ் படகு. கூட ஒரு பாதிரி வருவாரு. வெள்ளத் தாடி. கப்பல்காரங்களுக்கு ஒத்தாச பண்ற சங்கம் ஒண்ணு இருக்கு, அந்த ஆளு. நெனச்ச நேரத்துக்கு எல்லாரும் எறங்கிர முடியாது. கப்பல் ஆளில்லாம நிக்கக் கூடாதாம், அது அந்த ஊரு சட்டம். அதனால வீட்டுல இருந்து யாராச்சும் அந்தச் சங்கத்துல போயி எம்மவன், எம்புருசன்னு பேரு குடுத்துக் கேட்டிருந்தா, அந்தப் பேர மட்டும் கூப்புடுவாரு. கீழ நின்னுக்கிட்டு, கையில ஒரு குழாய வச்சுக்கிட்டு. பேருக்குரியவன் ஏணியில எறங்குவான். மத்தவன் மேல நின்னு பாப்பான்.

— பேரு குடுத்தாப் போதுமா?

— போதும் ஆண்ட்டி. டிக்கெட்ட சங்கமே பாத்துக்கும். ஒண்ணு ரெண்டு பேரா போயிட்டே இருந்தானுங்க. இந்தோனேசியாக்காரனுக்கு அக்கா கேட்டுச்சாம். இன்னொருத்தனுக்கு, கட்டிக்கப்போற பொண்ணு கேட்டுச்சாம். படகு சத்தம் கேட்டாலே ஷர்வின் சட்டைய மாட்டிக்குவான். பட்டன் எல்லாம் போட்டு, தண்ணி தொட்டுத் தலை சீவிக்கிட்டு, கம்பியப் புடிச்சு நிப்பான். ஒவ்வொரு தரமும்.

— ஒவ்வொரு தரமுமா.

— ஆமா அங்கிள். எங்கப்பா கேட்டிருப்பாருடா, கப்பலப் பத்தி எங்கப்பாவுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல, இந்தத் தரம் எம் பேருதாம்பான். படகு போனப்புறம் சட்டையக் கழட்டி மடிச்சு வைப்பான். அழுக்காயிரும்னு.

— நான்... அதாவது... நாலு வருசம்னு போட்டிருந்தாண்டா. நாலு வருசம் தகவலே இல்லாம இருந்துட்டு வந்திருக்கான்னு போட்டிருந்தான். பாதியில போயி கம்ப்ளேன் பண்ணா கேப்டன் பேர வெட்டிருவான், வேலை போயிரும், பையனுக்கு அசிங்கம்னு நெனச்சேன்.

— அந்தப் புக்கு எந்தக் காலத்துது அங்கிள்?

— பாய்மரம் ஓடுன காலத்துது.

— இப்ப எல்லாக் கப்பல்லயும் போன் இருக்கு அங்கிள். சாட்டலைட்டு போன். நல்லா ஓடுற கப்பல்ல இருந்து மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் சத்தம் வரும். ஒரு சத்தமும் வரலன்னா கெட்டுப் போச்சுன்னுதான் அர்த்தம்.

— எனக்குத் தெரியாதேடா. எனக்கு யாரு சொன்னா?

— நான் சொன்னேன். ரெண்டு வருசமா நான் சொன்னேன்.

— சொன்ன. ஆமா, சொன்ன... சரோஜா, என் வெள்ளச் சட்டைய எடு.

— எதுக்கு?

— எடுடின்னா! கோயில் திருவிழாவுக்குப் போட்டேன்ல, அது. ராஜு வீட்டுல காரு நிக்குதான்னு பாக்கச் சொல்லு. இல்லாட்டி காய்கறி லோரியில ஏறிக்கிறேன். தனேஸ், நீயும் வர்ற. அந்தச் சங்கம் எங்க இருக்குன்னு காட்டு. நானே போயி எம்மவன் பேரச் சொல்றேன். கால்ல விழச் சொன்னா விழறேன். மெசின் அடமானமா கேட்டா... மெசின் எஸ்டேட்டோடது, சரி, வேற என்னத்தயாச்சும். இந்தப் புக்குப் பெட்டிய மொதல்ல அடுப்புல வையி.

— வேணாங்க.

— என்னடி வேணாம்? நீதானே கத்துன? இப்ப நான் கெளம்புறேன், நீ வேணாங்குற?

— ஒக்காருங்க. நான் குடுத்துட்டேன்.

— என்னத்தக் குடுத்த?

— பேர. தைப்பூசம் கழிச்சு நீங்க மெசினோட மேல் காட்டுக்குப் போனப்ப, எதுத்த வீட்டு தவமலரக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி ஈப்போ டவுன்ல எறங்குனேன். அங்க கேட்டு, இங்க கேட்டு, அந்தச் சங்கத்துக்கு ஆளு இருக்குற எடத்தக் கண்டுபுடிச்சேன். எம்மவன் பேரு, உங்க பேரு, எல்லாஞ் சொன்னேன். அழுதேன். தண்ணி குடுத்தாங்க.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?

— சொன்னா நாலு வருசம்னு இன்னொரு பக்கம் படிச்சிருப்பீங்க.

— சரி. சரி, விடு. நீ செஞ்சதுதான் சரி. அப்ப படகு போயிருக்கும்ல? எம்மவன் பேரக் கூப்புட்டிருப்பாங்கல்ல? தனேஸ், கூப்புட்டாங்களா?

— அவன எதுக்குக் கேக்குறீங்க? எனக்கு போன் வந்துச்சு. போன வெள்ளிக்கெழம. சங்கத்துல இருந்து ஒரு பொம்பள பேசுச்சு. அம்மா, உங்க மவன் பேரக் கூப்புட்டோம், எறங்கிட்டான், பிளேன் ஏத்திக் கோலாலம்பூர் கொண்டாந்து விட்டாச்சு, பஸ்ஸுக்கும் ஏத்திவிட்டாச்சு, இனிமே கவலைப்படாதீங்கன்னுச்சு.

— வந்துட்டானா! அடிப்பாவி, ஏண்டி சொல்லல?

— அவனே வாசல்ல வந்து நிக்கட்டும், நீங்க வாயடைச்சுப் போறத நான் பாக்கணும்னு இருந்தேன். ரெண்டு வருசத்துக்கு எனக்கு அந்த ஒரு ஆசைதான் இருந்துச்சு. அதான் ஒரு வாரமா நாலு பேரு சோறு. கோழியும் அவனுக்குத்தான், எறாவும் அவனுக்குத்தான். பஸ்ஸு சத்தம் கேக்குறப்பல்லாம் அடுப்ப விட்டுட்டு ஓடுனேன்.

— அப்ப எங்கடி? இவ்ளோ நாளா எங்க போனான்? காலு வீங்கிருக்குன்னு எங்கயாச்சும் ஆஸ்பத்திரியில படுத்துட்டானா? கூச்சப்பட்டுக்கிட்டு ஏதும் கூட்டாளி வீட்டுல...

— நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னைக்குச் சாயங்காலம் வாசல்ல நெழல் விழுந்துச்சு. ஓடி வந்து பாத்தா, இவன் நிக்கிறான்.

— இவனுக்கும் அவனுக்கும் என்ன...

— தனேஸு. தலையத் தூக்குய்யா. உன்ன வளத்த சித்தி போன வருசமே போயிட்டா. கொள்ளி வச்சது கூட பக்கத்து வீட்டுக்காரன். உம் பேர அந்தச் சங்கத்துல போயிக் குடுக்க இந்த மலையில ஒரு ஆளு கெடையாது. சர்க்காரு ஏட்டுல எம்மவன் வீட்டுக்கு வந்து சேந்துட்டான், இனிமே அவன எவனும் தேட மாட்டான். நீ சொல்லு. அந்தப் பாதிரி கீழ நின்னு என்ன பேரக் கூப்புட்டாரு, நீ ஏணியில எறங்குன?

— ஷர்வின் கருப்பையான்னு மூணு தரம் கூப்புட்டாரும்மா. முந்துன நாளுதான் அவன் மூக்குல கடைசித் தையலப் போட்டு எறக்கியிருந்தேன். அந்தப் பேருக்கு எந்திரிக்க ஆளு இல்ல. நான் அவன் சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டு எந்திரிச்சேன்.